நோயுற்ற பூனையும் நம் கடமையும்

திருப்பூரிலிருந்து ஒரு தாய் நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறவர். கணவர் கட்டிங் மாஸ்டர். மறைந்த மாமியார் குட்டியாய் எடுத்து வளர்த்த ஆண் பூனை ஒன்று பதினொரு ஆண்டுகளாக அவர்கள் வீட்டில் இருக்கிறது. அதற்குச் சர்க்கரை நோய் கண்டு, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டு வருகிறார்கள். இரண்டு யூனிட்டில் தொடங்கியது இன்று பன்னிரண்டு யூனிட்டுக்கு வந்தும் சர்க்கரை இறங்கவில்லை. பூனையோ மெலிவதற்குப் பதிலாகப் பெருத்துக்கொண்டே போகிறது. முகம் அகன்று, பாதங்கள் பருத்து, உறங்கும்போது குறட்டையும் விடுகிறது. மூளைக்கு அடியில் கட்டி இருக்கலாம் என்றும், மேல்நாடுகளில் இதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்கிறார்கள் என்றும் கால்நடை மருத்துவர் கூறினாராம். இதைக் கேட்டு வீட்டுக்கு வந்திருந்த மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அந்தத் தாய் நம்மிடம் கேட்பவை மூன்று. பூனைக்கு இப்படியொரு கட்டி வருவது மெய்தானா? அந்தச் சிகிச்சைக்குச் செலவு செய்வது பாவமா, செய்யாமல் விடுவது பாவமா? இனி முடியாது என்ற நிலை வந்தால், மருந்து கொடுத்து அதன் உயிரை முடித்துவிடக் கத்தோலிக்கருக்கு அனுமதி உண்டா?

மைத்துனர் சிரித்ததில் வியப்பொன்றுமில்லை. காங்கேயம் காளைக்குப் பேர்போன சீமை நம்முடையது. கால்நடை மருந்தகம் என்றால் பால் மாடும் எருதும் ஆடும் நிற்கும் இடம் என்றே நாம் அறிந்திருக்கிறோம். கறவை நின்ற மாட்டுக்கு மருத்துவம் பார்ப்பதற்குக் கணக்கு உண்டு. பூனைக்கு என்ன கணக்கு? நூல் மூட்டை அடுக்கிய குடோனில் எலியைப் பிடித்தால் அதற்கு ஒரு மதிப்பு. வயதாகி மூலையில் படுத்துவிட்டால் அதுவும் போயிற்று. மேலும், வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் வழக்கம், ஞாயிறு தவறாமல் பூசை காணும் நம் வீடுகளிலிருந்தும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பாவம், அந்தப் பிராணியின் மேல் இந்தப் பழியும் சேர்ந்திருக்கிறது.

திருமறை நூலிலும் பூனைக்கு அவ்வளவாக இடமில்லை. தோபித்து நூலில் இளைஞன் பயணம் புறப்படும்போது நாய் கூடவே போகிறது. பூனையோ பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில் மட்டும் தலைகாட்டுகிறது. அங்கும், பொய்த் தெய்வச் சிலைகளின் மேல் வௌவாலும் குருவியும் போலப் பூனையும் ஏறித் திரிகிறது என்று சிலைகளைப் பரிகசிப்பதற்காகவே வருகிறது. ஆயினும், தாவீது அரசனைக் கண்டிக்க வந்த நாத்தான் இறைவாக்கினர் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். ஓர் ஏழையிடம் ஒரேயொரு ஆட்டுக்குட்டி இருந்தது. அவன் உணவில் பங்குகொண்டு, அவன் கிண்ணத்திலேயே குடித்து, அவன் மடியில் உறங்கி, அவனுக்கு ஒரு மகளைப் போல் இருந்தது. அந்த அன்பைத் தீர்க்கதரிசி கேலி செய்யவில்லை. அரசனின் மனச்சாட்சியைக் குத்துவதற்கு அதையே எடுத்துக்கொண்டார்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். கட்டி என்பது மெய்யே. மூளையின் அடிப்புறத்தில், எலும்பாலான ஒரு சிறு குழியில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி அமர்ந்திருக்கிறது. மனிதரில் அது பட்டாணியளவு; பூனையில் அதனினும் சிறியது. உடல் வளர்வதற்கான சுரப்பு நீர் இதிலிருந்துதான் வருகிறது. இச்சுரப்பியில் ஒரு கட்டி தோன்றி அந்த நீரை அளவின்றிச் சுரக்கத் தொடங்கினால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. வளர்ச்சி முடிந்துபோன உடலில் மறுபடியும் பாதமும் தாடையும் நாக்கும் உள்ளுறுப்புகளும் பருக்கின்றன. அத்துடன் அந்நீர் இன்சுலினின் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. ஊசியின் அளவை எவ்வளவு கூட்டினாலும் சர்க்கரை இறங்காமைக்குக் காரணம் இதுவே.

பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்டு சொன்னவர் அர்ஜென்டினா நாட்டின் பெர்னார்தோ ஹூசே. கணையம் நீக்கப்பட்ட நாய்க்குக் கடும் நீரிழிவு வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட நாயின் பிட்யூட்டரியையும் நீக்கிவிட்டால் அந்த நீரிழிவு தணிந்துவிடுகிறது என்று அவர் காட்டினார். 1947இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அதற்கும் முன்னரே, 1921இல், கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களைக் கொண்டு செய்த சோதனைகளிலிருந்துதான் இன்சுலின் கிடைத்தது. அடுத்த ஆண்டு சனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அது ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகள் வரை உலகெங்கும் நோயாளிகள் போட்டுக்கொண்ட இன்சுலின், மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டதே. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் மனித இன்சுலின் 1982இல்தான் விற்பனைக்கு வந்தது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி இருக்கிறது: சிரித்த மைத்துனரும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவராம். அவருக்கு நாம் வேறு பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்நோய் அபூர்வம் என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள 1221 பூனைகளின் இரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 என்னும் பொருளை அளந்தார்கள். வளர்ச்சி நீர் மிகுந்தால் ஈரல் இதை மிகுதியாக உண்டாக்கும். ஏறத்தாழ நான்கில் ஒரு பூனையிடம் அது அளவு மீறிக் காணப்பட்டது. கவனிக்கத்தக்கது என்னவெனில், அப்பூனைகளில் பெரும்பாலானவை பார்வைக்குச் சாதாரண நீரிழிவுப் பூனைகளாகவே இருந்தன. முகம் அகலுவதும் பாதம் பருப்பதும் நோய் முற்றியபின் தெரியும் அடையாளங்கள். நடுத்தர வயதைக் கடந்த, காயடித்த ஆண் பூனைகளுக்கே இது மிகுதியாக வருகிறது.

இங்கே பூனையை விட்டுச் சற்று விலகி ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறோம். இதே கட்டி மனிதருக்கும் வருவதுண்டு. மணமோதிரம் விரலில் ஏறவில்லை, செருப்பின் அளவு கூடிக்கொண்டே போகிறது, தாடை நீண்டு பற்களுக்கிடையே இடைவெளி விழுகிறது, குரல் தடிக்கிறது, குறட்டை மிகுகிறது என்றால், வயதாகிவிட்டது என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாற்றம் மெதுவாக நேர்வதால் கூடவே இருக்கும் வீட்டார் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பழைய திருமணப் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும். மனிதருக்குப் பெரும்பாலும் மூக்கின் வழியாக அறுவை செய்து கட்டியை எடுக்கிறார்கள். எஞ்சியதற்கு மருந்தும் கதிர்வீச்சும் உண்டு. இதற்கெல்லாம் நம் மக்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியது 1949இல்.

பூனைக்குத் திரும்புவோம். சர்க்கரை இறங்கவில்லை என்றதும் கட்டிதான் என்று முடிவு கட்டிவிடலாகாது. அதைவிட எளிய காரணங்கள் பல உண்டு. நம் நாட்டில் அவற்றுள் முதன்மையானது சிரிஞ்சு. மருந்துக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு; பின்னதற்கு ஆரஞ்சு மூடி. நாற்பது யூனிட் மருந்தை நூறு யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், பத்து என்ற கோடு வரை இழுத்தும் பூனைக்குப் போய்ச்சேர்வது நான்கு யூனிட்தான். மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறி உயிருக்கே ஆபத்தாக முடியும். வீட்டில் மைத்துனர்போல் இன்சுலின் போடும் மனிதர் ஒருவரும் இருந்து, இருவர் மருந்தும் ஒரே குளிர்பெட்டியில் இருந்தால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. அடுத்து, மருந்து வெயிலில் கெட்டிருக்கலாம். கோடையில் மின்சாரம் நின்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். பல் ஈறில் சீழ், சிறுநீர்ப் பாதையில் கிருமி, தோல் அரிப்புக்காகப் போட்ட ஸ்டீராய்டு ஊசி ஆகியவையும் இன்சுலினைத் தோற்கடிக்கும். உணவும் ஒரு காரணம். பூனை இயல்பில் முழு ஊன் உண்ணி. அதற்குப் பால் சோறும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு ஊசியின் மேல் குற்றம் காண்பது முறையாகாது.

இவையனைத்தையும் சரிபார்த்த பின்னும், கிலோ எடைக்கு ஒருவேளைக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தேவைப்பட்டு, பூனையும் எடை கூடிக்கொண்டே போனால் சந்தேகம் வலுக்கிறது. இரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 சோதனையும், பிறகு தலையை ஸ்கேன் எடுப்பதும் அடுத்த படிகள்.

கதிர்வீச்சுச் சிகிச்சை என்பது என்ன? மனிதருக்குப் புற்றுநோய்க்குப் பயன்படும் அதே லீனியர் ஆக்சிலரேட்டர் கருவிதான். ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களைப் பல திசைகளிலிருந்து செலுத்துகிறார்கள். ஒவ்வொரு கதிரும் தனியே வலுக்குறைந்தது. எல்லாம் வந்து கூடும் புள்ளியில், அதாவது கட்டியில், வலு மிகுகிறது. சுற்றியுள்ள மூளைக்கு ஊறு குறைகிறது. மனிதரிடம் அசையாமல் படுங்கள் என்று சொல்லலாம். பூனையிடம் யார் சொல்வது? ஒவ்வொரு முறையும் அதற்கு மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். பழைய முறையில் சில வாரங்களுக்குள் பதினைந்து இருபது முறை இவ்வாறு செய்ய நேர்ந்தது. குறியைத் துல்லியமாக்கிய புதிய முறையில் ஒன்றிலிருந்து ஐந்து முறைக்குள் முடித்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தார் இம்முறையில் சிகிச்சை பெற்ற 53 பூனைகளின் விவரத்தை 2018இல் வெளியிட்டனர். இன்சுலின் கணக்குத் தெரிந்த 41 பூனைகளில் 39க்குத் தேவை குறைந்தது. 13 பூனைகளுக்கு இன்சுலினே வேண்டாத நிலை வந்தது. சிகிச்சைக்குப்பின் பாதிப் பூனைகள் ஏறக்குறைய மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன. ஒரு பூனையின் ஆயுளில் மூன்றாண்டு என்பது சிறிதன்று. ஆனால் கட்டி மறைந்துவிடுகிறது என்று எவரும் நினைக்க வேண்டாம். பலன் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்ல வருகிறது; பருத்த பாதம் பழையபடி சுருங்குவதில்லை; சிலவற்றுக்குத் தைராய்டு சுரப்பு குன்றியது. லண்டன் கல்லூரியில் சுரப்பியையே அறுவை செய்து எடுக்கும் முறையும் உண்டு. அதில் சர்க்கரை நோய் நீங்கும் வாய்ப்பு கதிர்வீச்சைவிட மிகுதி. அறுவையை ஒட்டி இறந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

செலவு, அங்கேயே பல ஆயிரம் டாலர். நம் நாணயத்தில் பல இலட்சம். ஒரு தையற்காரரின் சில ஆண்டு ஊதியம். இத்தகைய கருவிகள் கோவையில் மனிதருக்கான மருத்துவமனைகளில் இருக்கின்றன. சாயப்பட்டறைத் தொழிலாளியும் விசைத்தறிக்காரரும் அங்கே தம் முறைக்காகக் காத்திருக்கிறார்கள்.

இரண்டாம் கேள்வி இங்குதான் கூர்மை அடைகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1992இல் வெளியானது, 2416ஆம் எண் தொடங்கி மூன்று எண்களில் இதைப் பேசுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள். அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை. அவ்வாறே, மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை அவற்றின்மேல் செலவிடுவதும் தகாது. விலங்கை நேசிக்கலாம்; மனிதருக்கு மட்டும் உரிய அன்பை அதற்கு மாற்றிக் கொடுக்கலாகாது. இவ்விரண்டு பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். பூனை வளர்ப்போர் முன்பாதியையும், மைத்துனர்கள் பின்பாதியையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்.

அந்நூல் புனித பிலிப் நேரியின் பெயரைச் சொல்லுகிறது. 1583இல் அவர் உரோமையில் தாம் முன்பு இருந்த இல்லத்தை விட்டு வேறிடம் போனபோது, பூனை பழைய இல்லத்திலேயே தங்கிவிட்டது. அதற்கு நாள்தோறும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும்படி தம் சீடர்களை அனுப்பினார் என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள். பெரிய மனிதர்களையும் இந்த வேலைக்கு அனுப்பி அவர்களுடைய செருக்கை அடக்கினாராம். லீமா நகரின் புனித மார்ட்டின் தெ போரஸ், நோயுற்ற நாய் பூனைகளைத் தம் சகோதரியின் வீட்டில் வைத்துப் பராமரித்தார். அதே கைகளால் அடிமைகளுக்கும் ஏழைகளுக்கும் மருந்திட்டார். இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக அவர் எண்ணவில்லை.

ஆகவே நம் பதில் இது. கடன் வாங்கி, மகளின் கல்லூரிக் கட்டணத்தை நிறுத்தி, மேல்நாட்டுச் சிகிச்சைக்கு ஆசைப்படுவது இந்தக் குடும்பத்துக்குத் தகாது. அதைச் செய்யாமல் விடுவதில் பாவத்தின் நிழல்கூட இல்லை. ஆனால் இன்றுவரை காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஷிப்டுக்கு ஓடுமுன் ஊசி போட்டுவிட்டுப் போகிற அந்தத் தாயின் செயலை ஆடம்பரம் என்பவர் யாராயினும் அவருடன் நாம் உடன்படவில்லை. தாம் வளர்த்த பிராணியின் தேவையை அறிந்து நடப்பவர் நீதிமான் என்று நீதிமொழிகள் நூல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் கூறுகிறது. வசதி மிக்க குடும்பம் ஒன்று இச்சிகிச்சையைச் செய்துகொண்டால்? பாவம் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். தம் கம்பெனியில் காய்ச்சலோடு மெஷினில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மருத்துவச் செலவையும் அதே மனத்தோடு பார்த்தார்களா என்று மட்டும் கேட்போம்.

கதிர்வீச்சு இல்லையென்றால் கைகட்டி நிற்கவேண்டும் என்பதில்லை. காரணம் இன்னதென்று தெரிந்துவிட்டால், பெரிய அளவில் இன்சுலின் போட மருத்துவர் தயங்கமாட்டார். கட்டியின் சுரப்பு ஏறி இறங்கக்கூடியது. ஆகையால் இன்று போதாத அளவு நாளை மிகையாகலாம். பூனை தள்ளாடினாலோ, சோர்ந்து விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரில் காது நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். மனிதருக்கான மீட்டர் பூனைக்குச் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, எண்களை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கேபர்கோலின் என்னும் மாத்திரை சில பூனைகளுக்குப் பலன் தந்திருக்கிறது, சிலவற்றுக்குத் தரவில்லை. முயன்று பார்க்கலாமா என்று கேட்கலாம். இந்நோயில் இதயமும் தடித்துக் கெடுவதால் அதையும் சோதிப்பது நல்லது. உடுமலைப்பேட்டையில் 2020 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்னும் விரிவான சோதனைக்கு, 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது.

மூன்றாம் கேள்வியைக் கேட்கும்போது அந்தத் தாயின் எழுத்து சிறுத்துப் போயிருக்கிறது. நோயாளியான மனிதரின் உயிரை எக்காரணம் கொண்டும் முடித்தலாகாது என்பது திருச்சபையின் உறுதியான போதனை. அச்சட்டம் மனித உயிரைப் பற்றியது. விலங்கைத் தேவையின்றிக் கொல்லலாகாது என்றுதான் திருச்சபை சொல்கிறது. தீராத வேதனையிலிருந்து அதை விடுவிப்பது தேவையில் அடங்கும். பூனை உண்ண மறுத்து, மூச்சுக்குத் திணறி, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதையும் கைவிட்டுவிட்டால், மருத்துவரைக் கொண்டு, மயக்க மருந்து முதலில் கொடுத்து, வலியின்றி அதைச் செய்யலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றம் அதில் எதுவுமில்லை. மூட்டையில் கட்டி நொய்யல் கரையில் விட்டுவரச் சிலர் ஆலோசனை சொல்வார்கள், அதுதான் பாவம். அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

அவர்களுடைய எட்டு வயது மகன், ஆத்தா வளர்த்த பூனை மோட்சத்தில் ஆத்தாவிடம் போகுமா என்று கேட்கிறானாம். விலங்கின் உயிர் மனித ஆன்மாவைப் போன்றதன்று என்று ஞானோபதேசத்தில் நாம் படித்திருக்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலின் இறுதிப் பகுதியிலோ, நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியுற்று மாறித் தன் இடத்தைப் பெறும் என்ற நம்பிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. பையனிடம் இல்லை என்று வெட்டிப் பேசவும் வேண்டாம், ஆம் என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். பூனையைப் படைத்தவர் அதை மறக்கமாட்டார் என்று சொல்லுங்கள். ஊசி போடும் நேரத்தில் அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, தலையைத் தடவிக்கொடுக்கச் சொல்லுங்கள்.